ரயில் பொறியாளருக்கு அருங்காட்சியகத்தில் சிலை எதற்கு, அவருடைய எஞ்சினை வைத்தால் போதாதா?

போதாது. இங்கிலாந்தில், யோர்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜோர்ஜ் ஸ்டீபன்சனின் சலவைக்கல் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எஞ்சினிடம் ஓடியிருப்பார்கள், சிலைப் பக்கம் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். இலங்கையில் கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்தில் என் பிள்ளைகளும் அப்படித்தான். நம் ரயிலை நீராவியிலிருந்து டீசலுக்குக் கொண்டுவந்த பி. டி. ராம்பாலவைப் பற்றி நானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எஞ்சின் சொல்லாது.

நான் திருகோணமலை. அப்பா சீனன்குடாவுக்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் 31 வருடம் இருந்தவர். தங்கச்சி இங்கிலாந்தில் இருக்கிறாள், அவளிடம் போனபோது அவரை யோர்க்குக் கூட்டிப்போனோம். உள்ளே போனதும் அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தி, கையை விரித்துச் சாண் போட்டு அளந்தார். "எங்கட லைனைவிட ஒரு சாண் ஒடுக்கம்" என்றார். சரியான கணக்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஸ்டீபன்சனின் அளவில் 4 அடி 8½ அங்குலம், நம்முடையது 5 அடி 6 அங்குலம்.

அப்புறம் சிலைக்கு முன்னால் நின்று இவர் ஆர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1781-இல் பிறந்தவர், தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு நெருப்புப் போட்டவர். 18 வயது வரை இவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, வேலை முடிந்து இரவில் போய்ப் படித்தார். லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையை சற் மொஸ் என்ற சதுப்பு நிலத்தின் மேல் கொண்டுபோகலாம் என்று சொன்னதற்கு 1825-இல் நாடாளுமன்றக் குழுவில் சட்டத்தரணிகள் அவரைக் கேலி செய்தார்கள். செடியையும் சுள்ளியையும் கட்டுக் கட்டாகப் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்க வைத்தார். 1830-இல் ரயில் ஓடியது, இன்றைக்கும் அதன்மேல் ஓடுகிறது.

அப்பா அந்த இடத்தில் என்னை நிறுத்தி, சுள்ளியை எப்படி அடுக்கினார்கள், எவ்வளவு தாழ்ந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாரி காலத்தில் வயலோரம் லைன் தாழும்போது, சிலிப்பர் கட்டைக்கு அடியில் கல்லைத் தள்ளி இடித்து இடித்து நிமிர்த்திய கை அது.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். ஸ்டீபன்சனின் பேர்பெற்ற ரொக்கெட் எஞ்சினில் மகன் ரொபேர்ட்டுக்குத்தான் பெரிய பங்கு என்பதும், 1804-இலேயே ட்ரெவிதிக் என்ற இன்னொரு பொறியாளர் நீராவி எஞ்சினைத் தண்டவாளத்தில் ஓட்டிவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்வது, பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு தொழிலாளியின் மகனுக்குச் சிலை நிற்கிறது என்பதைத்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அப்பாவின் ஓய்வூதியக் கோவையில் அவர் பெயரை ஓர் எழுத்துப் பிழையாகப் பதிந்துவிட்டார்கள். திருத்தக் கேட்டால், அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் கடிதம் வரும். அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி, பதில் எழுதி, பஸ் ஏறிப் போனால் அன்றைக்கு அந்த மேசையில் ஆள் இருக்க மாட்டார். இரண்டு வருடம் இப்படி அலைந்தார். 31 வருடம் மழையிலும் வெயிலிலும் நின்ற மனிசன், தன் பெயர் தன்னுடையதுதான் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டி வந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றைக்கு யோர்க்கில் புறப்படும் நேரம், சிலையைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்பை அப்பா காட்டினார். "பேரைச் சரியா எழுதியிருக்கினமோ, பார்" என்றார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தார்.