ரிப்பன் ஸ்பீக்கரைக் கண்காட்சியில் இயக்கிக் காட்டுவது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓசூரில் நடக்கவிருக்கும் ஒலிக்கருவி வணிகக் கண்காட்சிக்காக, ஓட்டலில் 20 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்திருக்கிறோம். ஆறடி உயர ரிப்பன் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை அதில் இயக்கிக் காட்டப்போகிறோம். 30 நாற்காலி போடலாம் என்கிறார் என் பங்குதாரர். ஸ்பீக்கர்களை எங்கே நிறுத்துவது?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: 30 நாற்காலி வேண்டாம், எட்டுப் போதும். பங்குதாரரிடம் இதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு இடம் தானாகக் கிடைத்துவிடும்.

சாதாரண ஸ்பீக்கரில் கம்பிச்சுருள் அசைந்து கூம்பைத் தள்ளுகிறது; கூம்பின் பின்பக்க ஒலியைப் பெட்டி அடக்கி வைக்கிறது. ரிப்பனில் காந்தங்களுக்கு நடுவே தொங்கும் மெல்லிய அலுமினியப் பட்டையின் வழியாகவே மின்னோட்டம் பாய்வதால், சுருளின் வேலையையும் கூம்பின் வேலையையும் அந்த ஒரே பட்டை செய்கிறது. சீமென்ஸ் நிறுவனத்தில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் 1920-களில் இதை உருவாக்கினார்கள். இதே அமைப்பைத் திருப்பிப் பயன்படுத்தினால் ரிப்பன் மைக் கிடைக்கிறது. ஆறடி உயர ரிப்பன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டி கிடையாது என்பதால், பட்டை முன்னால் எழுப்பும் அதே அளவு ஒலியைப் பின்னாலும் எழுப்புகிறது. அந்தப் பின்னொலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னொலியோடு சேர்கிறது.

ஸ்பீக்கர் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் நின்றால், பின்னொலி மூன்றடி மட்டுமே கூடுதலாகப் பயணம் செய்து, ஏறத்தாழ 2.7 மில்லிவிநாடியில் முன்னொலியின் மேலேயே வந்து விழும். அப்போது பாடகரின் குரல் பூசினாற்போலக் கலங்கிக் கேட்கும். ஐந்தடி தள்ளி நிறுத்தினால் அதே ஒலி பத்தடி கூடுதலாகப் பயணம் செய்து, ஏறத்தாழ 9 மில்லிவிநாடி கழித்து வருகிறது. செவி அதைக் குரலின் மேல் படிந்த கறையாகக் கொள்ளாமல் கூடத்தின் விரிவாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் அறையின் நீளவாக்கில் சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஐந்தடியும், ஸ்பீக்கருக்கும் முதல் வரிசைக்கும் இடையே ஒன்பதடியும் விடுங்கள். மீதி ஆறடியில் நான்கு நான்காக இரண்டு வரிசை தாராளமாகப் போடலாம். ஸ்பீக்கரின் பின்சுவர் வெறுஞ்சுவராக இருந்தால், கனமான பவானி ஜமக்காளத்தை மடிப்பு மடிப்பாகச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். அது உச்ச ஒலியை மட்டுமே தணிக்கும், தாழ்ந்த ஒலியைத் தொடாது. இங்கே தேவைப்படுவதும் அவ்வளவுதான். பக்கச்சுவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முன்னொலியும் பின்னொலியும் பட்டையின் இரு பக்கவாட்டிலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், அந்தத் திசையில் ஒலி மிகக் குறைவாகவே செல்கிறது. பக்கச்சுவர் ஓரமாக நாற்காலி போட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாம் வரிசைக்குக் குறை இருக்காது. புள்ளி போன்ற சிறிய மூலத்திலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறைகிறது. உயரமான ரிப்பன் கோடு போன்ற மூலமாக இருப்பதால், அருகில் இருக்கும் வரை 3 டெசிபல்தான் குறைகிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் ஒரு திருமண மண்டபத்தின் பக்க அறையில், கூட்டத்துக்கு இடம் வேண்டுமே என்று ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். வந்த பெரியவர் ஒருவர், “நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா பாடறவங்க சுவத்துக்குள்ள இருந்து பாடறாப்ல இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பாதி நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டு, ஸ்பீக்கர்களை நான்கடி முன்னே நகர்த்தி, அதே பாடலை ஒலிக்கவிட்டபோது, வாசலில் நின்றவர்கள்கூட உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி: ஒரு கண்காட்சியில் ரிப்பன் ஸ்பீக்கரைக் கேட்டேன். வயலின் அருமை. ஆனால் எங்கள் ஊர்ப் பம்பை இசையைப் போடச் சொன்னபோது அடியில் கனமே இல்லை. அது குறையுள்ள ஸ்பீக்கரா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் செவி சரியாகவே கேட்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். பட்டையைத் தாங்கி நிற்கும் இரண்டடி அகலப் பலகையின் விளிம்பை அவ்வளவு நீளமான அலை எளிதில் சுற்றி வந்துவிடுவதால், பின்னொலி முன்னொலியை அழித்துவிடுகிறது. வயலினின் வில் தந்தியில் உராய்வதைப் பட்டை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவதற்குக் காரணம் அதன் எடையின்மை. ஆனால் தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றை நகர்த்த வேண்டும், அதற்கு எடையின்மை மட்டும் போதாது. இதனால்தான் பல தயாரிப்பாளர்கள் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் பெட்டியில் வூஃபர் என்னும் பெரிய கூம்பு ஸ்பீக்கரை வைத்துக் கலப்பு அமைப்பாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் அபோஜி நிறுவனம் 1980-களில் தாழ்ந்த ஒலியையும் ரிப்பனிலேயே தர முனைந்தபோது, உயரமான, அகலமான பலகைகள் தேவைப்பட்டன.

இயக்கிக் காட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருபவர் பம்பையைக் கேட்பார். பம்பை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவர் அம்மன் கோயில் வாசலில் சிறு வயதிலிருந்தே அறிந்தவர். அதை மறுக்காமல் போட்டுக் காட்டி, எது வரும், எது வராது என்று நேரே சொல்லிவிடுவதே முறை. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குபவர் வீட்டுக்குப் போய் அதைக் கண்டுபிடிக்கும்படி விடுவது தவறு.

கேள்வி: என்னிடம் உள்ள சாதாரண ஆம்ப்ளிஃபயரில் ரிப்பனை இணைக்கலாமா?
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள ஓம் அளவை, அதாவது மின்தடையின் அளவைப் பார்க்காமல் இணைக்க வேண்டாம். குறுகிய ரிப்பன் பட்டையின் மின்தடை பல சமயம் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பதால், நடுவே டிரான்ஸ்பார்மர் வைத்து அதை உயர்த்துகிறார்கள். அது இல்லாமல் இணைத்தால் ஆம்ப்ளிஃபயருக்குக் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டு வைத்தது போலாகிவிடும். அபோஜியின் சிண்டில்லா போன்ற பழைய ஸ்பீக்கர்கள் ஓர் ஓம் அளவிலேயே இயங்கியதால், அவற்றைத் தாங்கக்கூடிய ஆம்ப்ளிஃபயர்கள் அந்நாளில் சிலவே இருந்தன.

கேள்வி: எந்த இசையை, எவ்வளவு சத்தத்தில் போட்டுக் காட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: அடுத்த அறையை முந்துவதற்காகச் சத்தத்தை ஏற்றுவதுதான் கண்காட்சிகளில் நான் கண்ட பெரிய தவறு. ரிப்பன் பட்டை முன்பின்னாக அசையக்கூடிய தூரம் சிறிது. அளவை மீறினால் தெளிவு முதலில் போகும், பட்டை பிறகு போகும். கேட்பவர் இருக்கையில் 75 முதல் 80 டெசிபல் வரை போதும். பெட்டி ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுக் காட்டுவதானால், இரண்டையும் ஒலிமானியால் அளந்து ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள், ஏனெனில் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே நம் மனம் ‘தரமானது’ என்று தேர்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட முடிந்தால் நிறுத்துங்கள்.

இசையைப் பொறுத்தவரை, பென்னாகரம் பக்கத்தில் ஒரு பாரதக் கூத்தில் நானே பதிவு செய்த முகவீணை என்னும் சிறு ஊதுகருவியையும் தாளத்தையும்தான் முதலில் போடுவேன். தாளத்தின் இரண்டு தட்டுகள் மோதிய பிறகு அந்த அதிர்வு தேய்ந்து மறையும் வரை ஒரு நல்ல ரிப்பன் பின்தொடர்ந்து காட்டும். அதைக் கேட்டவுடன் வந்தவரின் முகமே மாறும். அதன் பிறகு அவர் கொண்டுவந்த பென்டிரைவை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் எங்கள் கிடங்கு இருக்கிறது. ரிப்பன் ஸ்பீக்கரை அங்கே வைத்திருந்து கண்காட்சிக்கு எடுத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: பெரிய கற்பாளங்களை அறுக்கும் இயந்திரங்களில் எஃகுத் துகள்களைப் பயன்படுத்தும் முறை உண்டு. கல்தூசியைவிட இந்த எஃகுத் தூசிதான் உங்களுக்கு ஆபத்தானது, ஏனெனில் ரிப்பனின் இரு பக்கமும் உள்ள வலிய காந்தங்கள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு துகள் பட்டையில் உரசினாலும் ஒவ்வோர் உச்ச ஸ்வரத்திலும் கரகரப்புக் கேட்கும். ஸ்பீக்கரை உறையிட்டு, அதன் மேல் பாலித்தீனைச் சுற்றி, நிமிர்த்தியே வையுங்கள். வண்டியிலும் நிமிர்த்தியே கொண்டு செல்லுங்கள். தூசி தெரிந்தால் வாயால் ஊதவோ, புளோயர் வைக்கவோ கூடாது, காற்று வேகத்தில் பட்டை நெளிந்துவிடும். கண்காட்சி அறையைப் பெருக்கித் துடைத்து, தூசி அடங்கிய பிறகே உறையைக் கழற்றுங்கள்.