வெளிப்புறச் சமையலறையின் கல் மேடைக்கு சீலர் எதற்கு?

சீலர் என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் ஊறி, எண்ணெயும் தண்ணீரும் சட்டென்று உள்ளே இறங்காமல் தடுக்கும் திரவம். எண்ணெய் தடவிய கையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அதுபோலத்தான். வெளியே மழையும் வெயிலும் படுவதால் அதன் பலன் சீக்கிரம் குறையும். பனி உறையும் ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கல்லுக்குள் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து விரிசல் விடும்.

மேடையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு 10 நிமிடம் பாருங்கள். அந்த இடம் கருத்தால் மறுபடி பூச வேண்டும். மேடையைக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வெயில் படாத நேரத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் ஆனதும் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மேலே காய்ந்த சீலர் மங்கலான திட்டாக ஒட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு.

சீலர் போட்டால் எலுமிச்சைச் சாறு பட்டாலும் பயமில்லை என்று நினைக்கிறார்கள். பளிங்கில் விழும் வெள்ளைத் தடம் கறையே அல்ல, அமிலம் கல்லை அரித்த இடம். அதை சீலர் தடுக்காது, உடனே துடைத்தாக வேண்டும்.