பாய்மரப் படகின் 'வீட்டு பேட்டரி' ஏன் சீக்கிரம் கெடுகிறது?

நெடும்பயணப் பாய்மரப் படகில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி. விளக்கு, ஃபிரிட்ஜ், பம்புக்குத் தனியாக ஒரு தொகுதி. இரண்டாவதுதான் வீட்டு பேட்டரி.

அது ஈய-அமில வகையாக இருந்தால், அதைக் கொல்வது பெரும்பாலும் அரைகுறை சார்ஜ்தான். குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினையுங்கள்: முதலில் குழாயை முழுக்கத் திறக்கலாம், கழுத்துக்கு வந்ததும் மெல்லத்தான் விட வேண்டும். அதுபோல சுமார் 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். மீதிக்குப் பல மணி நேரம். இன்ஜினை ஓட்டி சார்ஜ் செய்யும் பலர், டீசல் செலவுக்குப் பயந்து அங்கேயே அதை நிறுத்திவிடுகிறார்கள். தட்டுகளில் படிந்த ஈய சல்பேட் இறுகி, கொள்ளளவு குறைகிறது. அந்தக் கடைசி மணிநேரங்களுக்குச் சோலார் பேனல்தான் சரி. அதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள்.

மாற்றும்போது தொகுதி முழுவதையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுக்கும்.

லித்தியம் பேட்டரி வாங்கி மாட்டினால் மட்டும் போதும் என்பது தவறு: அது மின்சாரத்தைத் தயங்காமல் உறிஞ்சுவதால், கட்டுப்பாடில்லாத ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) சூடேறிக் கருகிவிடலாம்.