காசும் கேஷும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஆங்கில 'கேஷ்' நம் காசிலிருந்து போனதுதானே?

பதில்: பாதி சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. ரொக்கம் என்ற கேஷ், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்சா'வின் வழி வந்தது. முதலில் பணப்பெட்டி, அப்புறம் பெட்டிக்குள் இருந்த பணம். இன்னொரு கேஷ், சிறு செப்புக்காசின் பெயர்; அது நம்முடையது. போர்த்துக்கீசியர் நம் காசைக் 'காய்ஷா' ஆக்கினார்கள், ஆங்கிலேயர் கேஷ் ஆக்கினார்கள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கே 80 காசு ஒரு பணம் (அன்று அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம் என்றுதான் ஓடியது. 1818இல் ரூபாய்க் கணக்கு வந்தது. ஒலி ஒத்தால் உறவென்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: சீனாவின் சதுர ஓட்டை நாணயத்தையும் கேஷ் என்கிறார்களே?

பதில்: சீனர்கள் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'வென்'. இங்கே சொல்லைக் கற்ற ஐரோப்பிய வணிகர்கள் கிழக்கே போனபோது அங்கிருந்த செப்புக்காசுக்கும் அதையே வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அதன் பெயர் நம் சொல்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி: 'துட்டு' தமிழா?

பதில்: டச்சு. 'டாய்ட்' என்பது அவர்களுடைய சிறு செப்புக்காசு.

கேள்வி: பாட்டி வைத்திருந்த பழங்காசு ஒன்று கிடைத்தது. என்ன விலை போகும்?

பதில்: விலை என் துறை இல்லை. நாணயம் சேகரிப்பவரிடம் காட்டுங்கள். அதுவரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும்.

கேள்வி: பழைய இலக்கியத்தில் காசு என்றால் நாணயம் மட்டும்தானா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளியின் வளைந்த வாயில் ஒரு வேப்பம்பழம். புது நூல் கோக்கிறவன் கூரிய நகத்தில் பிடித்த பொற்காசு போல இருக்கிறதாம். அது நாணயமா, மணியா என்று இரண்டு விதமாகவும் உரை சொல்வார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். காசுமாலை இன்றும் நம் பெண்கள் கழுத்தில் இருக்கிறதே! கம்பர் 'காசில் கொற்றத்து இராமன்' என்கிறார். காசில்லாத ராமன் என்று படித்துவிடாதீர்கள். அங்கே காசு என்றால் குற்றம், குற்றமற்ற வெற்றியுடைய ராமன். வெண்பா ஈற்றடியின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றும் காசுதான்.

கேள்வி: அந்தக் 'காப்சா'வே ஏன் தமிழாக இருக்கக் கூடாது?

பதில்: கூடாது என்று நான் சொல்லவில்லை, சான்று கேட்கிறேன். 'காப்சா' லத்தீனில் தனி மரம் இல்லை. பிடி, கொள் என்ற பொருளுடைய 'காபெரெ' அதன் வேர். நீங்கள் விழுங்கும் கேப்சூலும் அதன் பிள்ளைதான், சிறு பெட்டி. நாணயப் பெயராக உலகம் சுற்றிய நம் காசின் பெருமை போதாதா? இல்லாத உறவு எதற்கு?

கேள்வி: காசி நகரத்தின் பெயரும் காசிலிருந்துதானா?

பதில்: இல்லை. முதல் பதிலின் கடைசி வரியைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் ரொக்கக் கேஷ்...

பதில்: பெட்டி.