அயர்லாந்தில் முன்னோரைத் தேடுவோருக்கு: கவுன்ட்டி நூலகத்திலிருந்து கேள்வி பதில்

அயர்லாந்தின் மேற்கே ஒரு கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நூலகத்தில், உள்ளூர் வரலாற்றுக்கான லோக்கல் ஸ்டடீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு ரிஜிஸ்டரும் வரைபடமும் எடுத்துக் கொடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றதும் வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கணவர் அயர்லாந்துக்காரர். "நாங்கள் கிளேர், மக்மஹோன் குடும்பம்" என்பதற்கு மேல் மாமியாருக்கு எதுவும் தெரியவில்லை. எங்கே தொடங்குவது? (லிமெரிக்கிலிருந்து ஒரு வாசகி)

கிளேர் கவுன்ட்டியில் மக்மஹோன் என்று தேடுவது திருநெல்வேலியில் சுடலைமுத்து என்று தேடுவது மாதிரி. பெயரை விடுங்கள், இடத்தைப் பிடியுங்கள். இடம் என்று நான் சொல்வது டவுன்லேண்டை, அதாவது இங்கே இருப்பதிலேயே சிறிய நிலப் பிரிவை. அயர்லாந்து முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் டவுன்லேண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சில நூறு ஏக்கர்தான். ஒரே பெயரில் நாலைந்து கவுன்ட்டிகளில் இருக்கும் என்பதால், எந்த பாரிஷ் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்துக்கான சிவில் பாரிஷ் வேறு, கோயில் பங்கான கத்தோலிக்க பாரிஷ் வேறு. இரண்டுக்கும் எல்லை ஒன்றாக இருக்காது.

மாமியாரிடம் "தாத்தா பெயர் என்ன" என்று கேட்காமல் "தாத்தாவை எந்தக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள், அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பழைய ஜெபப் புத்தகம் இருந்தால் விரித்துப் பாருங்கள். இறந்தவர்களின் நினைவு அட்டைகளை அதற்குள் செருகி வைப்பது இங்கே வழக்கம்; பெயர், தேதி, பல சமயம் ஊரும் அச்சிட்டிருக்கும். அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1911 சென்சஸ், அதிலிருந்து 1901. இரண்டும் இலவசம்.

1922-ல் எல்லாமே எரிந்துவிட்டதாமே? தேடுவதில் அர்த்தம் உண்டா? (டப்ளின்)

இந்த ஒரு வரியை நம்பியே நிறைய பேர் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். உள்நாட்டுப் போரின்போது, 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ் தாள்களில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) பதிவேடுகளில் பாதிக்கு மேல் எல்லாம் அதோடு போயிற்று. ஆனால் எல்லாப் பழியையும் நெருப்பின் மேல் போட முடியாது. 1861, 1871 சென்சஸ் தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன.

தப்பியது என்ன? கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் பிழைத்தன. சுமார் 1880 வரையிலான அவற்றின் படங்களை தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. 1864 முதல் எல்லா மதத்தவரின் பிறப்பு, திருமணம், இறப்பையும் அரசு பதிவு செய்திருக்கிறது. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் என்றால் 1845 முதலே. பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கடந்த பதிவுகளை அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எரிந்துபோனவற்றுக்கு வேறெங்கோ இருந்த நகல்களைத் திரட்டி, 2022-ல் டிரினிட்டி கல்லூரி தலைமையில் ஒரு மெய்நிகர் கருவூலமும் திறந்திருக்கிறார்கள்.

ஒன்று: பழைய இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. திருமணப் பதிவில் இரு தரப்புத் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். தலைமுறை தாண்ட உதவுவது அதுதான்.

கொள்ளுத்தாத்தாவுக்கு 1901 சென்சஸில் வயது 56, 1911-ல் 71. இரண்டும் ஒரே ஆள்தானா? (கார்க்)

ஒரே ஆளாகத்தான் இருக்கும். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது. எழுபது வயதானால் வாரம் ஐந்து ஷில்லிங் வரை. 1864-க்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? அந்தப் பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். எல்லாரும் பொய் சொன்னார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பலருக்குத் தங்கள் வயதே தெரியாது.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. வயதை நிரூபிக்க, அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 சென்சஸ்களில் பெயரைத் தேடித்தரச் சொல்லி மக்கள் விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. பெற்றோர் பெயர், அன்றைய டவுன்லேண்ட் எல்லாம் அதில் வரும். சென்சஸ் காணாமல் போனாலும் அதன் ஒரு துண்டு இப்படிக் கையில் கிடைக்கிறது.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முந்தியதாக இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம். அதனால் உண்மையில் பிறந்ததற்குப் பிந்தைய தேதியைச் சொல்லிவிடுவார்கள். கோயில் பதிவேட்டையே நம்புங்கள்.

கிரிஃபித் வேல்யுவேஷனில் பெயர் கிடைத்தது. ஆனால் பக்கத்தை எப்படிப் படிப்பது? (கால்வே)

1847 முதல் 1864 வரை, வரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட பட்டியல் அது. முதல் பத்தியில் உள்ள எண், வரைபடத்தில் உள்ள நிலத்தின் எண். பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தால் நிலத்துண்டு, சின்ன எழுத்து இருந்தால் வீடு. அடுத்த பத்தியில் குடியிருப்பவர், அதற்கடுத்து அவருக்குக் குத்தகை விட்டவர், பிறகு "வீடு, தொழுவம், நிலம்" மாதிரி விவரம், பரப்பு, மதிப்பு.

ஒரே டவுன்லேண்டில் மூன்று ஜான் மக்மஹோன்கள் இருந்தால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஏதாவது எழுதியிருப்பார்கள். "பாட்" என்றிருந்தால் பெரும்பாலும் பாட் என்பவரின் மகன். "ரெட்" என்றிருந்தால் செம்பட்டைத் தலைக்காரர். அதைத் தவறவிடாதீர்கள். குடும்பம் பிரிவது அந்த அடைப்புக்குறியில்தான். இதில் வருவது குடியிருப்பின் பொறுப்பாளர் பெயர் மட்டும். மனைவி, பிள்ளைகள் கிடையாது. பெண் பெயர் வந்தால் பெரும்பாலும் விதவை.

இதோடு நின்றுவிட வேண்டாம். கிரிஃபித்துக்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் திருத்தப் புத்தகங்களில் பழைய பெயரை வண்ண மையால் அடித்து, புதுப் பெயரும் வருடமும் எழுதினார்கள். ஒரு பெயர் அடிபட்ட வருடத்துக்குச் சற்று முன்னால் இறப்பையோ கப்பல் பயணத்தையோ தேடுங்கள்.

எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, நூலகத்துக்கு எதற்கு வர வேண்டும்? (டப்ளின்)

இதற்குத்தான் காத்திருந்தேன். இணையத்தில் இருப்பது நாடு முழுக்க ஒரே மாதிரி எடுத்த பெரிய பட்டியல்கள். ஒரு ஆள் எப்படி வாழ்ந்தார் என்பது உள்ளூர்க் காகிதங்களில்தான் இருக்கும்.

உள்ளூர்ப் பத்திரிகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேர் சாம்பியன் 1903 முதல் வருகிறது. ஏழை விவசாயிக்கு இரங்கல் செய்தி போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மாடு பக்கத்து வயலில் மேய்ந்த வழக்கு வந்திருக்கும். திடீர் மரண விசாரணை, சந்தை விலை, நிலத்தகராறு எல்லாம் உண்டு. பத்திரிகைக் காப்பகங்களுக்கும் சில கட்டண வம்சாவளித் தளங்களுக்கும் நூலகங்களே சந்தா கட்டியிருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்தால் இலவசம். உறுப்பினர் ஆவதற்கும் காசில்லை.

அடுத்து, கல்லறை வாசகங்கள். பல ஊர்களில் ஆர்வலர்கள் பாசி சுரண்டிப் படித்து எழுதி, தட்டச்சு செய்து கொடுத்த பிரதிகள் அலமாரியில் இருக்கின்றன. அவர்கள் படித்த கல் இன்று மழையில் தேய்ந்துபோயிருக்கும். ஜமீன்தார் குடும்பங்களின் வாடகைக் கணக்குகள், பஞ்சக்காலத்து வொர்க்ஹவுஸ் (ஏழைகள் விடுதி) நிர்வாகக் குறிப்புகள், பள்ளி ரிஜிஸ்டர்கள் ஆகியவை கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும்; சில நூலகத்தில், சில ஆவணக் காப்பகத்தில்.

என்னைக் கேட்டால், பாரிஷ் வாரியான கத்தரிப்பு உறைகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். பழைய நூலகர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த செய்தித் துண்டுகள், வெளிநாட்டிலிருந்து வந்த விசாரணைக் கடிதங்கள் அதில் கிடக்கும். உங்கள் தூரத்துச் சொந்தம் எழுதிய கடிதமும் அங்கே இருக்கலாம்.

இன்னொன்று. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகள், வைத்தியம், ஊர் வழக்கங்கள் அடங்கிய பெரிய தொகுப்பு உண்டு. சொன்னவரின் பெயரும் டவுன்லேண்டும் பல பக்கங்களில் இருக்கும். அதை துகாஸ் என்ற இணையதளத்திலும் பார்க்கலாம்.

எல்லா நூலகமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளேர் நூலகம் தன்னார்வலர்களை வைத்து ஏராளமான பதிவுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. வாட்டர்ஃபோர்ட் இறப்புப் பதிவேடுகளை ஏற்றியது. சில கவுன்ட்டிகளில் நேரில் வந்தால்தான் உண்டு.

நாங்கள் ஆங்கிலோ இந்தியர்கள். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த மூதாதை கார்க்கிலிருந்து வந்தவர் என்பார்கள். (பெரம்பூர்)

கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படையில் ஐரிஷ்காரர்கள் நிறைய. அந்தப் படையின் வழி வந்ததுதான் பின்னாளில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ். ஆனால் அயர்லாந்தில் தொடங்காதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் இருக்கின்றன. திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம் முதலில். பிறகு படைச் சேர்க்கைப் பதிவு. கார்க் என்பது அவர் படையில் சேர்ந்த ஊராகவோ கப்பலேறிய துறைமுகமாகவோ கூட இருக்கலாம். பிறந்த பாரிஷ் தெரிந்த பிறகு அந்த ஊர் நூலகத்துக்கு எழுதுங்கள்.

கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர்தானே? அவர் ஞானஸ்நானப் பதிவைத் தேட முடியுமா? (திருநெல்வேலி)

1814-ல், ஆன்ட்ரிம் கவுன்ட்டியில் கிளாடி, பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அரசுப் பதிவு வருவதற்கு அரை நூற்றாண்டு முந்திய காலம். வட அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்டில் தனிக் காப்பகம் இருக்கிறது. அங்கே தேவாலயப் பதிவேடுகளின் பட்டியலில் தொடங்க வேண்டும்.

நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினால் பதில் வருமா? (டொரான்டோ)

"என் முன்னோரைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று எழுதினால், பொது வழிகாட்டிக் குறிப்பு ஒன்று வரும். "இன்ன டவுன்லேண்ட், இன்ன பாரிஷ், 1890 முதல் 1900 வரை பள்ளி ரிஜிஸ்டர் உங்களிடம் இருக்கிறதா" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். ஏற்கெனவே எங்கெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் கொடுங்கள். முன்னால் வரும் "ஓ", "மக்" பாதிப் பதிவுகளில் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் நேரில் வருவதாக இருந்தால் மைக்ரோஃபிலிம் இயந்திரத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மாதங்களில் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே பிடித்துவிடுவார்கள்.