விளக்கு எங்கே இருந்தது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் வார இறுதிகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடிவருகிறோம். 2014ஆம் ஆண்டு விதிகள். என் பாத்திரம் மூன்றாம் நிலை ரோக் (பதுங்கித் தாக்கும் திருடன்), அதிலும் அசாசின் (கொலையாளி) வகை. சென்ற வாரம், இரவு நேரத்தில், ஒரு கிடங்கினுள் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்து ஸ்டெல்த்துக்கு, அதாவது பதுங்கும் திறனுக்கு, பகடை உருட்டி 23 எடுத்தேன். காவலாளியின் பாஸிவ் பெர்செப்ஷன், அதாவது தேடாமலே கவனிக்கும் திறன், வெறும் 12. குறுவில்லால் அம்பு விடுகிறேன் என்றதும் டி.எம். (ஆட்டத்தை நடத்தும் நடுவர்) எல்லோரையும் இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்பதற்கான பகடை) உருட்டச் சொன்னார். காவலாளிக்கு என்னைவிட அதிகம் விழுந்தது. அவன் முறை கடந்துவிட்டது, இனி அவன் சர்ப்ரைஸ் நிலையில் (எதிர்பாராமல் தாக்கப்படும் நிலையில்) இல்லை, ஆகவே தானாக வரும் கிரிட்டிகல் (சேதப் பகடைகள் இரட்டிப்பாகும் அடி) கிடையாது என்றார். அம்பு விடத் தலையைத் தூக்கியதால் அவன் என்னைப் பார்த்துவிட்டான், அட்வாண்டேஜும் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் சலுகை) கிடையாது என்றார். 23 எடுத்தவனுக்கு இதுதான் பலனா? 2024 விதிகளுக்கு மாறினால் இந்தக் குழப்பம் தீருமா? இவரோடு ஆடுவதையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒளிதலைப் பற்றிய விதிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்ற கேள்வி சில காலமாகவே என் மனத்தில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன். உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஒரு மாலை முழுவதும் பொறுமையாகப் பதுங்கி முன்னேறியவனின் அம்பு ஒன்றுமில்லாமல் போவது வலிக்கும்.

முதலில் கிரிட்டிகல். உங்கள் டி.எம். சொன்னது சரி. 2014 விதிகளில் தனியாக ஒரு சர்ப்ரைஸ் சுற்று கிடையாது. முதலில் எல்லோருக்கும் இனிஷியேட்டிவ் உருட்டப்படும். சர்ப்ரைஸ் ஆனவனால் தன் முதல் முறையில் நகரவோ செயல்படவோ முடியாது. அந்த முறை முடிந்ததும் அவனுடைய சர்ப்ரைஸும் முடிந்துவிடுகிறது. அவன் உங்களை முந்திவிட்டால் அசாசினுக்குரிய தானியங்கிக் கிரிட்டிகல் போய்விடும். இது கசப்பான விதிதான், ஆனால் விதி. இதைப் பற்றி மேலும் வாதிட எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் உண்மையில் இழந்தது கிரிட்டிகலை அன்று. விதிநூலில் உள்ள சாதாரணக் காவலாளிக்கு 11 ஹிட் பாயிண்ட்தான் (அவன் தாங்கக்கூடிய சேதம்). உங்கள் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16 என்று வைத்துக்கொண்டால், குறுவில்லின் ஒரு பகடையும் ஸ்னீக் அட்டாக்கின் (ரோக்கின் மறைமுகத் தாக்குதல் தரும் கூடுதல் சேதத்தின்) இரண்டு பகடைகளும் சேர்ந்து சராசரியாக 13 அல்லது 14 சேதம் தரும். அம்பு பட்டிருந்தால் கிரிட்டிகல் இல்லாமலேயே அவன் பெரும்பாலும் விழுந்திருப்பான். அந்த ஸ்னீக் அட்டாக்குக்கு அட்வாண்டேஜ் தேவை, அல்லது இலக்குக்கு ஐந்தடிக்குள் உங்கள் கூட்டாளி ஒருவர் நிற்க வேண்டும். காவலாளியின் முறை கடந்துபோனாலும், அவன் உங்களைப் பார்க்காதவரை நீங்கள் ஒளிந்தவர்தான். ஒளிந்த இடத்திலிருந்து விடும் அம்புக்கு அட்வாண்டேஜ் உண்டு, அம்பு விட்ட பிறகுதான் உங்கள் இடம் வெளிப்படுகிறது. எனவே முழு வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: நீங்கள் தலையைத் தூக்கியபோது அவனால் உங்களைப் பார்க்க முடிந்ததா?

இந்த இடத்தில் உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் 23 இரண்டு முறை வருகிறது. இரவு என்கிறீர்கள், கிடங்கு என்கிறீர்கள். அந்தக் கிடங்கில் விளக்கு எங்கே இருந்தது என்று ஒரு சொல்கூட இல்லை. காவலாளிக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்பதும் இல்லை. அவை இல்லாமல் உங்கள் 23க்கு என்ன பொருள்?

காவலாளி ஒரு மனிதன், கையில் மூடியிட்ட லாந்தர் என்று கொள்வோம். அந்த லாந்தர் 30 அடிவரை நல்ல வெளிச்சம் தரும். அதற்கு அப்பால் இன்னும் 30 அடிக்கு மங்கிய வெளிச்சம். அதையும் தாண்டினால் இருட்டு. நீங்கள் 70 அடி தொலைவில் இருந்தால் தலையை மட்டுமல்ல, முழு உடலையும் தூக்கி நின்றாலும் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள். குறுவில்லோ 80 அடிவரை எந்தக் குறையுமின்றி எய்யும். 45 அடியில் இருந்தால் மங்கிய ஒளியில் அவனுடைய 12, ஐந்து குறைந்து 7 ஆகிறது, அங்கே டி.எம்.மின் தீர்ப்புக்கு இடமுண்டு, நானாக இருந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பளித்திருப்பேன். 20 அடியில், நல்ல வெளிச்சத்தில், உங்கள் பக்கம் முகம் திருப்பி நின்றவன் எதிரே எழுந்திருந்தால், அவன் பார்த்துவிட்டான் என்று சொல்ல அவருக்கு முழு நியாயம் உண்டு. ஒரே 23க்கு மூன்று முடிவுகள். எந்த முடிவு என்பதைச் சொல்வது வெளிச்சம், பகடை அன்று.

ஒளிந்துகொள்ளச் சூழல் பொருத்தமானதா என்பதை டி.எம். தீர்மானிக்கிறார் என்று 2014 விதிநூலின் பிந்தைய அச்சுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. இதைப் படித்துவிட்டு, டி.எம். எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டி.எம்.மும் அவர்களில் ஒருவரோ என்று ஐயப்படுகிறேன். அந்த வாக்கியம் அவருக்கு அதிகாரம் தருகிறது. கூடவே ஒரு கடமையையும் தருகிறது. தீர்மானம் பகடைக்கு முன்னால் வர வேண்டும். 'பீப்பாய்க்கு மேல் தலை தெரிந்தால் இந்த வெளிச்சத்தில் அவன் உன்னைப் பார்ப்பான், பரவாயில்லையா?' என்று அவர் கேட்டிருந்தால், நீங்கள் பின்வாங்கியிருக்கலாம், லாந்தர் திரும்பும்வரை காத்திருந்திருக்கலாம், ஒரு கல்லை எறிந்து அவன் கவனத்தைத் திருப்பியிருக்கலாம். வில்லை வளைத்த பிறகு சொல்லப்படும் தீர்ப்பு எவ்வளவு அறிவார்ந்ததாக இருந்தாலும் அநீதிதான்.

நான் மாணவனாக இருந்தபோது எங்கள் மேசையை நடத்திய அண்ணன் 1978ஆம் ஆண்டு விதிநூலை வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்துவார். அதில் முதல் நிலைத் திருடன் நிழலில் மறைவதற்கான அடிப்படை வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. ஓசையின்றி நடப்பதற்குப் பதினைந்து. அந்தப் பகடையையும் அண்ணனே தன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவார். மறைந்தோமா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. பத்து சதவீதத்தை நம்பி யார் உயிரைப் பணயம் வைப்பார்கள்? ஆகவே நாங்கள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டோம். காவலன் எந்தப் பக்கம் பார்க்கிறான், தரையில் வைக்கோலா கல்லா, கதவு திறந்தால் வெளிச்சம் எதுவரை விழும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அண்ணன் சலிக்காமல் பதில் சொல்வார். சுவர்களை வரைவதற்கு முன்பே விளக்குகளைப் பென்சிலால் குறித்துவிடுவது அவர் வழக்கம். பதில்கள் போதுமான அளவு நன்றாக அமைந்துவிட்டால் பகடையையே உருட்டமாட்டார். 'போய்விட்டாய், அவனுக்குத் தெரியவில்லை' என்பார். இன்று 23 எடுப்பவர்களுக்கு அப்படிக் கேட்கும் பழக்கம் இல்லாமல் போனதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இந்தத் தகராறு நம் ஆட்டத்தைவிடப் பழையது. 1824இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் உருவாக்கிய போர் விளையாட்டில், எதிரியின் கண்ணுக்குத் தெரியாத படைப்பிரிவை நடுவர் வரைபடத்தில் வைக்கமாட்டார். 1876இல் அதே ராணுவத்தின் அதிகாரி வெர்டி டு வெர்னுவா பகடையையும் அட்டவணைகளையும் விலக்கிவிட்டு, எல்லாவற்றையும் நடுவரின் அனுபவத்துக்கே விட்டார். அவர்கூட வரைபடத்தை விலக்கவில்லை. குன்று எங்கே, காடு எங்கே என்பது ஆடுபவர்களின் கண்முன் இருந்ததால்தான் நடுவரின் சொல்லை ஏற்க முடிந்தது.

2024 விதிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒளிய 15 எடுக்க வேண்டும், எடுத்தால் இன்விஸிபிள் (கண்ணுக்குத் தெரியாத) நிலை, உங்களைத் தேடுபவர் நீங்கள் எடுத்த எண்ணை எட்ட வேண்டும். சர்ப்ரைஸ் ஆனவருக்கு இனிஷியேட்டிவில் டிஸ்அட்வாண்டேஜ் (இரண்டு பகடையில் தாழ்ந்ததை எடுப்பது) மட்டும்தான். அசாசினின் தானியங்கிக் கிரிட்டிகலே அதில் இல்லை. மாறுவதானால் மாறுங்கள். அங்கும் ஒளிவதற்கு அடர்ந்த இருளோ முக்கால் பங்காவது மறைப்போ வேண்டும். அது இருக்கிறதா என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

குழுவை விட்டு விலகாதீர்கள். விதிநூலைத் தூக்கிக்கொண்டு போய் நண்பர்கள் முன்னால் அவரை மடக்கவும் வேண்டாம்; அது அவமதிப்பு. அடுத்த ஆட்டத்துக்கு முன் தனியாகப் பேசி, அம்பு விடும் முன்பே வெளிச்சத்தையும் தூரத்தையும் சொல்லிவிட முடியுமா என்று கேளுங்கள். நீங்களும் பகடையைத் தொடும் முன் அவற்றைக் கேட்பதாக வாக்குக் கொடுங்கள். அதன் பிறகும் அவர் சொல்ல மறுத்தால் எனக்கு எழுதுங்கள், விலகுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

அன்புடன்,
கா.