மாட்டுக் கொழுப்புக் களிம்பும் மருந்துக்கடைக் களிம்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மாட்டுக் கொழுப்பை உருக்கிச் செய்த முகப்பூச்சுகள் வட அமெரிக்காவில் சில ஆண்டுகளாகப் பரபரப்பாக விற்கின்றன. நம்மவர்கள் வீடுகளிலும் அந்தச் சிறிய ஜாடிகளைப் பார்க்கிறேன். டொராண்டோவில் மருந்தாளராக இருக்கிறேன்; களிம்புகள் தயாரிப்பதுதான் என் அன்றாட வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மாட்டுக் கொழுப்பும் நம் தோலில் சுரக்கும் எண்ணெயும் ஒன்றுதான், அதனால் தோல் உடனே ஏற்றுக்கொள்ளும் என்கிறார்களே? (பிராம்டன்)

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாட்டுக் கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை. நம் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வருவதில் அது ஒரு பகுதி மட்டுமே. கால் பங்கு அளவுக்கு மெழுகு எஸ்டர்களும், பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருளும் இருக்கின்றன. சேபியெனிக் அமிலம் என்று மனிதத் தோலுக்கே உரிய கொழுப்பு அமிலமும் அதில் உண்டு. இவற்றை மாட்டுக் கொழுப்பில் தேடினால் கிடைக்காது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. தோலின் ஈரத்தைக் காப்பது சுரப்பி எண்ணெயே அல்ல. மேல்தோலின் செல்களைச் செங்கற்கள் என்று வைத்துக்கொண்டால், இடையில் இருக்கும் சாந்துதான் காவல். அந்தச் சாந்தில் பாதி செராமைடு என்ற கொழுப்புப் பொருள், கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். மாட்டுக் கொழுப்பில் செராமைடு கிடையாது. அது மேலே படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. அதனால்தான் பூசியவுடன் தோல் மிருதுவாகத் தெரிகிறது. அந்த மிருது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. சில டாலர் விலையுள்ள வாசலினும் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

என் ஒன்றரை வயது மகனுக்குக் கரப்பான் (எக்ஸிமா). மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். பயமாக இருப்பதால் அதை விட்டுவிட்டு மாட்டுக் கொழுப்பு பூசுகிறேன். முழங்கை மடிப்பு மறுபடியும் சிவந்து, தண்ணீர் கோத்திருக்கிறது. தவறு செய்கிறேனா, அக்கா? (ஸ்கார்பரோ)

அம்மா, முதலில் இன்றோ நாளையோ மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அதன் மேல் எந்தக் கொழுப்பையும் பூசி மூடக் கூடாது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கேட்பாரற்றுப் பூசிக் கெட்டுப்போன தோல்களை நானும் பார்க்கிறேன். ஆனால், குழந்தைக்கு எழுதிக் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீராய்டைச் சிவந்த இடத்தில் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசுவது முற்றிலும் வேறு. கரப்பானில் நடப்பது அழற்சி. அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் கொழுப்புக்கு இல்லை. நெருப்பு உள்ளே இருக்கும்போது மேலே மூடி போட்டுப் பயனில்லை. குழந்தை இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கும். சொறியச் சொறியத் தோல் இன்னும் உடையும்.

இன்னொன்று. மாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். பலவீனமான தோலின் சாந்தை அது மேலும் குலைக்கும் என்பது ஆலிவ் எண்ணெயை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. தோலுக்கு வேண்டிய லினோலீயிக் அமிலமோ மாட்டுக் கொழுப்பில் மிகக் குறைவு. சூரியகாந்தி எண்ணெயில் நிறைய உண்டு.

செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான நீரில் குறுகிய குளியல், துண்டால் ஒற்றி எடுத்து ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத கெட்டியான களிம்பு, சிவந்த இடத்துக்கு மருத்துவர் சொன்ன மருந்து. மருந்துக்கடைக் களிம்புகள் கரப்பானை வரவே விடாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பிறந்தது முதல் தினமும் களிம்பு பூசியும் கரப்பான் வருவது குறையவில்லை. வந்த கரப்பானைப் பராமரிக்கவே களிம்பு உதவும்.

முகப்பரு உள்ளவர்கள் பூசலாமா? (நியூஜெர்சி)

வேண்டாம். மூக்கோரம், புருவம், நெற்றி ஓரங்களில் செதில் உதிரும் பொடுகு வகை இருந்தால் அறவே வேண்டாம். அங்கே வாழும் மலசேசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்கள்தான் உணவு. பருவுக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லை அமெரிக்காவில் 2016 முதல் மருத்துவச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். இரவில் மெல்லிய பூச்சு போதும். முதல் சில வாரங்கள் தோல் உரியும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பொறுமையாக இருங்கள், தம்பி.

முன்னோர்கள் காலங்காலமாகக் கொழுப்பைத்தானே பூசினார்கள்? மருந்து நிறுவனங்கள் லாபத்துக்காக அதை ஓரங்கட்டிவிட்டன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். (மிசிசாகா)

பூசினார்கள் என்பது சரி. ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அந்தக் காலத்தில் களிம்புக்கு அடித்தளமே பன்றிக் கொழுப்புதான். அதன் பெரிய குறை காறிப்போவது. அதைத் தள்ளிப்போட மருந்தாளர்கள் அதில் என்ன கலந்தார்கள் தெரியுமா? நம் வீட்டில் புகைபோடும் சாம்பிராணி! அந்தக் கலவைக்கு மருந்து நூல்களில் தனிப் பெயரே இருந்தது. 1872இல் அமெரிக்கரான ராபர்ட் செஸ்ப்ரோ வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். அது காறாது, வாடை வராது, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் கிடைக்கும். மருந்தாளர்கள் கொழுப்பைக் கைவிட்டதற்கு அந்தத் தரம் பெரிய காரணம்.

விலங்குக் கொழுப்பு அத்தோடு ஒழிந்துவிடவும் இல்லை. 1882இல் ஜெர்மனியில் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பைச் சுத்திகரித்து லானோலின் செய்தார்கள். 1911இல் வந்த நிவியா, கம்பளிக் கொழுப்பிலிருந்து எடுத்த யூசெரிட்டை வைத்துத்தான் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கட்டிப்போட்டது. இன்று தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் களிம்புகளில் உள்ள கொலஸ்ட்ராலும் பல சமயம் கம்பளியிலிருந்து வருவதே. எனவே இயற்கை ஒரு பக்கம், மருத்துவம் மறு பக்கம் என்று கோடு கிழிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. எது சுத்திகரிக்கப்பட்டது, எது சோதிக்கப்பட்டது என்றுதான் நான் பார்க்கிறேன்.

கொழுப்பு பூசினால் சன்ஸ்க்ரீன் தேவையில்லையாம். என் கன்னத்தில் மங்கு இருக்கிறது. (ஹூஸ்டன்)

இதைச் சொல்லிப் பரப்புகிறவர்கள் மீது எனக்குக் கடுமையான கோபம் உண்டு. மாட்டுக் கொழுப்பு வெயிலைத் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1,600க்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் சன்ஸ்க்ரீன் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. தோல் முதுமையும் 24 சதவீதம் குறைவு என்று 2013இல் எழுதினார்கள். அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் அபாயம் குறைவு, மங்கின் தொல்லை அதிகம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும்கூட மங்கைக் கருக்க வைக்கும் என்பதால், நீங்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்க்ரீனாகப் பார்த்து வாங்குங்கள்.

சென்னையில் கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் களிம்பை இரண்டு வருடம் பூசினேன். நிறுத்தினால் முகம் எரிகிறது, சிவக்கிறது. ரசாயனமே வேண்டாம், கொழுப்புக்கு மாறட்டுமா?

மாறினால் எரிச்சலின் காரணம் அப்படியே இருக்கும். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். டியூபையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்ல வேண்டும். இப்படிக் கெட்ட முகங்கள் பெருகியதால்தான் இந்திய அரசு 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. இது உங்கள் தவறல்ல, அம்மா. சிகிச்சையில் சரியாகும், மாதங்கள் எடுக்கும்.

தாய்ப்பால் கொடுப்பதால் மார்புக் காம்பு வெடித்திருக்கிறது. லானோலினும் கொழுப்புதானே? (லண்டன்)

ஆம், சுத்திகரித்த லானோலினைப் பூசலாம். ஆனால் அதற்கும் ஒவ்வாமை உண்டு: அமெரிக்காவின் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2023ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்ததே லானோலினைத்தான். அரித்தால் நிறுத்துங்கள். வெடிப்பு தொடர்ந்தால் குழந்தை மார்பைக் கவ்வும் விதத்தை ஒரு செவிலியரிடம் காட்டிச் சரிபார்ப்பது களிம்பைவிடப் பயன் தரும்.

உடும்பு எண்ணெய், மயில் எண்ணெய் பற்றிச் சொல்லுங்கள். (மதுரை)

வாங்காதீர்கள், விற்காதீர்கள். இரண்டு விலங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உச்சப் பாதுகாப்பு பெற்றவை. சிறைத் தண்டனை உண்டு.

சூடு பட்டால் நெய்யோ கொழுப்போ தடவலாமா?

கூடாது. ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொழுப்பு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

என் கால், குதிகால் எல்லாம் குளிரில் வறண்டு வெடிக்கிறது. வேறு நோய் எதுவும் இல்லை. உள்ளூர்ப் பண்ணையில் கொழுப்பு வாங்கி நானே உருக்கினேன். பூசலாமா, அக்கா? (கால்கரி)

தாராளமாக. உங்களைப் போன்றவர்களிடம் நான் வாதாட மாட்டேன். தண்ணீரும் உப்பும் சேர்த்து மெல்லிய சூட்டில் உருக்கி, துணியில் வடிகட்டி, உறைந்தபின் அடியில் நிற்கும் நீரையும் கசண்டையும் நீக்குங்கள். இறைச்சித் துணுக்கும் ஈரமும் எஞ்சியிருந்தால் கெட்டுப்போகும். சிறு ஜாடிகளில் குளிர்பெட்டியில் வையுங்கள், உலர்ந்த கரண்டியால் எடுங்கள், காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாசனைக்காக லாவெண்டர் எண்ணெய் சேர்க்காதீர்கள். ஒவ்வாமை பல சமயம் அதிலிருந்து கிளம்புகிறது. கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி: அழகுப் பொருளில் சேரும் மாட்டுக் கொழுப்பு தடைசெய்யப்படாத மாட்டுப் பாகங்களிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதில் கரையாத கசடு 0.15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. விற்பவரிடம் அதற்கான சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவுக்கு, காலையும் மாலையும், ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் குதிகாலுக்குப் பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள்.